16 மாடிச் செங்கல் கட்டடமும் நம் ஊர் 9 அங்குலச் சுவரும்

கேள்வி கேட்டவர் தர்மபுரியில் வீடு கட்டப் போகிறார். வெளி அளவு 30-க்கு 40. கீழ்த்தளம், அதன் மேல் ஒரு மாடி, பிற்பாடு கை கொடுத்தால் இன்னொரு மாடி. மேஸ்திரி, "பில்லர் போடாம மாடி எழுப்புனா சுவர் தாங்காது சார்" என்று சொல்லிவிட்டார். ஆனால் சிகாகோ நகரத்தில் 16 மாடிக் கட்டடம் ஒன்று பில்லரே இல்லாமல் வெறும் செங்கல் சுவரில் 130 வருடத்துக்கு மேல் நிற்பதாக இவர் படித்திருக்கிறார். அது நிற்கும்போது என் இரண்டு மாடி நிற்காதா, யார் சொல்வது சரி என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. செங்கல் சுவர் எவ்வளவு உயரம் வரை சுமக்கும் என்பது ஒன்று. சுமக்கிறது என்றால் பிறகு ஏன் எல்லோரும் அதைக் கைவிட்டார்கள் என்பது இன்னொன்று. உங்கள் வீட்டுக்கு முடிவெடுக்க உதவப்போவது இரண்டாவதுதான்.

நான் கட்டமைப்புப் பொறியாளர். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீடு, கடை, மண்டபம் என்று சுமைக் கணக்கு போட்டுக் கொடுப்பது பல வருடத் தொழில். சுமை, மண், கம்பி பற்றி நான் சொல்வது தினமும் கையாளும் விஷயம். சிகாகோ பற்றிச் சொல்வது படித்து அறிந்தது. அதில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ள இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது மொனாட்நாக் கட்டடத்தைப் பற்றி. சிகாகோவில் ஜாக்சன் சாலையும் டியர்பார்ன் தெருவும் சேரும் இடத்தில் இருக்கிறது. பாஸ்டனைச் சேர்ந்த பீட்டர் புரூக்ஸ், ஷெப்பர்ட் புரூக்ஸ் என்ற சகோதரர்கள் வாடகைக்கு விடுவதற்காகவே கட்டிய அலுவலகக் கட்டடம். வடக்குப் பாதியை வடிவமைத்தவர் ஜான் வெல்பார்ன் ரூட், பர்னம் அண்ட் ரூட் நிறுவனத்தின் கூட்டாளி. 1891-இல் அது முடிந்தது. 16 மாடி, ஏறக்குறைய 215 அடி. சுவர் அடியில் 6 அடி தடிமன், உச்சியில் ஒன்றரை அடி. வேலை முடிவதற்கு முன்பே, அந்த வருடம் ஜனவரியில், ரூட் நிமோனியாவில் இறந்துவிட்டார், 41 வயதில். வெளிப்பக்கம் பூவேலை, சிற்பவேலை எதுவும் கிடையாது. அடியில் லேசாக அகன்று, மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் மறுபடி வெளியே வளையும் செங்கல் பரப்பு மட்டும்தான். அலங்காரம் வேண்டாம் என்று கறாராகச் சொன்னவர்கள் முதலாளிகள். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று ரூட் செய்து காட்டியது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் 'பில்லரே இல்லை' என்பது முழு உண்மை அல்ல. வெளிச்சுவர்களும் சில குறுக்குச் சுவர்களும் செங்கல். அவைதான் பெரும் சுமையைத் தாங்குகின்றன. உள்ளே தளங்களைத் தாங்குவதற்கு வார்ப்பிரும்புத் தூண்களும் இரும்பு உத்திரங்களும் உண்டு. 215 அடி உயரத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளுமே, அதற்காக இரும்பில் சட்டம் சட்டமாகப் பிணைப்பும் வைத்தார்கள். அமெரிக்காவில் காற்றுக்கென்று அப்படி இரும்புச் சட்டம் வைத்த ஆரம்பகாலக் கட்டடங்களில் இதுவும் ஒன்று. ஆகவே செங்கல்லை நம்பியவர்களே கூட அதை மட்டும் நம்பி 16 மாடி போகவில்லை.

'உலகிலேயே உயரமான செங்கல் சுமைச்சுவர் கட்டடம்' என்ற பட்டத்தையும் (சுமைச்சுவர் என்றால் தளங்களின் எடையைத் தானே தாங்கும் சுவர்) கொஞ்சம் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். பிலடெல்பியா நகர மன்றக் கட்டடத்தின் கோபுரம் 548 அடி, அதுவும் சுமைச்சுவர்தான். சில இடங்களில் சுவர் 22 அடி தடிமன். ஆனால் அது அரசுக் கட்டடம், செங்கல்லோடு கருங்கல்லும் சலவைக்கல்லும் சேர்ந்தது. வாடகை அலுவலகம், செங்கல் சுவர் என்று சுருக்கிக்கொண்டால் மொனாட்நாக்கின் பெயர் நிற்கும்.

சரி, 6 அடி எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் ஒரு நடைமுறைக் கணக்கு இருந்தது. ஒரு மாடிக்கு 12 அங்குலச் சுவர், மேலே ஏறும் ஒவ்வொரு மாடிக்கும் அடிச்சுவரில் 4 அங்குலம் கூட்டு. 16 மாடிக்குப் போட்டுப் பாருங்கள்: 12-உம், பதினைந்து நான்கு அறுபதும் சேர்ந்து 72 அங்குலம், சரியாக 6 அடி. செங்கல் நொறுங்கிவிடும் என்று அறிவியல் முறையில் கணக்கிட்டு வந்த எண் அல்ல இது. அனுபவத்தில் பிறந்த, பாதுகாப்பை அள்ளிக் கொட்டிய விதி. 1950-களில் சுவிட்சர்லாந்தில் பாசல், சூரிச் நகரங்களில் செங்கல்லைச் சோதித்து, கணக்கிட்டு, பத்து மாடிக்கு மேல் சுமைச்சுவர்க் குடியிருப்புகள் எழுப்பினார்கள். அவற்றின் சுவர்கள் மொனாட்நாக் அடிச்சுவரின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். கான்கிரீட் தளம் எல்லாச் சுவர்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டதும், குடியிருப்பு என்பதால் நெருக்கமாகக் குறுக்குச் சுவர்கள் இருந்ததும் அதற்குக் காரணம். ஆக, செங்கல் பலவீனமான பொருள் என்ற பேச்சு தவறு. இதை மட்டும் உங்கள் மேஸ்திரியிடம் தைரியமாகச் சொல்லலாம்.

பிறகு ஏன் விட்டார்கள்? 6 அடிச் சுவரை உங்கள் மனையில் வைத்துப் பாருங்கள். 30-க்கு 40 என்றால் 1,200 சதுர அடி. நாலு பக்கமும் 6 அடி போனால் உள்ளே மிஞ்சுவது 18-க்கு 28, அதாவது 504 சதுர அடி. அதே வீட்டை 9 அங்குலச் சுவரில் கட்டினால் கிட்டத்தட்ட 1,097 சதுர அடி. வாடகை வாங்கும் முதலாளிக்கு இந்த வித்தியாசம் மாதாமாதம் வலிக்கும். அதிலும் கொடுமை, அதிக வாடகை கிடைக்கும் தரைத்தளத்தில்தான் சுவர் அதிக இடத்தைத் தின்னும். கடைக்கு அகலமான கண்ணாடி முகப்பு வேண்டும். 6 அடித் தடிமன் சுவரில் துளை போட்டு எவ்வளவு வெளிச்சம் கொண்டுவர முடியும்? ரூட் தெருப்பக்கம் துருத்தி நிற்கும் ஜன்னல்களை வைத்து அறைக்குள் வெளிச்சம் வரவழைத்தார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் சிக்கலைச் சமாளித்தது, தீர்க்கவில்லை.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் இதற்கு நல்ல எதிர்ச்சான்று. பொதுவாக 216 அடி என்று சொல்வார்கள். அளந்தவர்களிடையே வேறுபாடு உண்டு என்றாலும் 200 அடியை ஒட்டியது என்பதில் சந்தேகம் இல்லை. 1010-இல், இரும்புச் சட்டம் எதுவும் இல்லாமல், கருங்கல் மேல் கருங்கல் வைத்து மொனாட்நாக் உயரத்துக்கு நம்மவர்கள் போயிருக்கிறார்கள். முடிந்ததற்குக் காரணம், அங்கே மாடிக்கு மாடி ஆள் உட்கார வேண்டியதில்லை, ஜன்னல் வேண்டியதில்லை. கூம்பாக ஒடுங்கலாம், உள்ளே வெற்றிடம் விடலாம். சுவரை வைத்து உயரம் போவது மனிதனுக்கு எப்போதோ கைவந்த வித்தை. 1890-களில் கேட்கப்பட்டது உயரம் மட்டுமல்ல, அந்த உயரம் முழுக்க விற்கக்கூடிய இடம்.

இரண்டாவது காரணம் மண். சிகாகோ களிமண் ஊர். ஏரிக்கரை, கீழே ஈரம், பாறை வெகு ஆழத்தில். மொனாட்நாக்கின் எடையைப் பரப்புவதற்கு ரூட் எஃகு உத்திரங்களைப் புதைத்த 2 அடி தடிமன் கான்கிரீட் படுகையை விரித்தார். அது கட்டட எல்லையைத் தாண்டித் தெருவுக்குள் 11 அடி வரை போகிறது. இப்படி விரித்தும் கட்டடம் 8 அங்குலம் இறங்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துத்தான் கட்டினார்கள். அதைத் தாண்டியும் இறங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மொத்தம் 20 அங்குலம் வரை போய்விட்டது. சுவர் நொறுங்கவில்லை, கீழே இருந்த மண் அமுங்கியது. இந்த ஒரு தகவல் நம் ஊரில் வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பேன். விரிசல் விட்ட வீடு என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியவற்றில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி அஸ்திவாரத்துக்கு அடியில்தான் இருந்தது.

மூன்றாவது, பக்கவாட்டுச் சுமை. செங்கல் சுவர் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நிலம் அதிரும்போது கட்டடத்தின் எடை எவ்வளவோ அந்த விகிதத்தில் பக்கவாட்டு விசை வரும், அதனால் தடிமனான சுவர் அங்கே பாதுகாப்பு அல்ல, பாரம். 2002-இல் வந்த நில அதிர்வு விதிநூல் தர்மபுரியை 3-ஆம் மண்டலத்தில் வைத்தது. மிதமான ஆபத்து, பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது.

மொனாட்நாக்கிலேயே இந்தக் கதை முடிந்துபோனதைப் பார்க்கலாம். அதே முதலாளிகள், அதே தெரு. 1893-இல் முடிந்த தெற்குப் பாதியை ஹோலபேர்ட் அண்ட் ரோச் நிறுவனத்தாரிடம் கொடுத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் எஃகுச் சட்டத்தில், அதாவது நம் பில்லர், பீம் போல எஃகுத் தூணும் உத்திரமும் சேர்ந்து சுமை தாங்கும் கூட்டில், கட்டினார்கள். எடை குறைந்தது, செலவு குறைந்தது, வாடகைக்கு விடும் இடம் கூடியது. இரண்டே வருட இடைவெளியில், ஒரே கட்டடத்தின் இரண்டு பாதிகளில், சுவர் யுகம் முடிந்து சட்ட யுகம் தொடங்குகிறது. வெளியே இரண்டு பாதியும் செங்கல் நிறத்தில்தான் தெரியும். தெற்கில் செங்கல் வெறும் போர்வை.

சட்டம் வைத்துக் கட்டும் முறையை முதலில் கொண்டுவந்தது யார் என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். அதே சிகாகோவில் 1885-இல் வில்லியம் லெ பேரன் ஜென்னி கட்டிய 10 மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தைத்தான் 'முதல் வானளாவி' என்று பாடநூல்கள் சொல்லும். கட்டியது, பிற்பாடு 2 மாடி ஏற்றியது, 1931-இல் இடித்தது எல்லாம் உறுதி. 'முதல்' என்பது உறுதி இல்லை. இடிக்கும்போது சட்டத்தைப் பிரித்துப் பார்த்த குழுக்களே ஒத்துப்போகவில்லை. சில சுவர்கள் தாமே சுமை தாங்கியதால் அது முழுச் சட்டக் கட்டடம் அல்ல என்று ஒரு தரப்பு சொன்னது. எனக்கு இந்தப் பட்டத்தில் பெரிய ஆர்வம் இல்லை. லிஃப்ட், எஃகு, 1871 தீவிபத்துக்குப் பிறகு இரும்பைச் சுட்ட மண் ஓட்டால் மூடிக் காக்கும் பழக்கம், ஏறிக்கொண்டே போன மனை விலை எல்லாம் ஒரே பத்து இருபது வருடத்தில் கூடி வந்ததன் விளைவு அது. நம் பக்கத்தில் அந்த இடத்தை 1959-இல் திறந்த சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் பிடித்தது. 177 அடி, அதற்குள் காலம் மாறிவிட்டதால் அது கான்கிரீட் தூண்களின் மேல்தான் எழுந்தது.

இப்போது உங்கள் வீடு. கணக்கைச் சுருக்கிச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் 12 அடி அறை உள்ள நடுச்சுவர், 9 அங்குலம், மேலே இரண்டு கான்கிரீட் தளம். சுவரின் சொந்த எடையும் தளங்களின் எடையும் ஆள், சாமான் சுமையும் சேர்த்தால் ஒரு மீட்டர் நீளச் சுவரின் அடியில் ஏறக்குறைய 7 டன் வரும். சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ. நம் விதிநூல் நல்ல கலவையில் கட்டிய சுவருக்கு, செங்கல் நொறுங்கும் வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அனுமதிக்கிறது. குறைந்தபட்சத் தரமான, சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ தாங்கும் செங்கல் என்றால் 3.5 கிலோ, அதிலும் சுவர் உயரத்துக்காகக் கொஞ்சம் கழிக்க வேண்டும். ஆக அது விளிம்பில் நிற்கும். 50 கிலோ தாங்கும் நல்ல சேம்பர் சூளைச் செங்கல் என்றால் தாராளமாக நிற்கும். ஆகவே கீழ்த்தளமும் ஒரு மாடியும் பில்லர் இல்லாமல் நிற்குமா என்றால், நிற்கும். இரண்டாவது மாடியும் வரும் என்றால் இந்த 7 டன் 10 டன்னைத் தாண்டும். அப்போது செங்கல் தரத்தை ஆய்வகத்தில் சோதிக்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். சூளைக்குச் சூளை, லோடுக்கு லோடு தரம் மாறுகிறது. ஹாலோ பிளாக் என்றால் கணக்கே வேறு, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மேஸ்திரி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாடியில் உள்ள சுவர் கீழ்ச்சுவருக்கு நேர் மேலே வராவிட்டால், 20 அடி ஹால் வேண்டும் என்றால், கீழே கார் நிறுத்தத் திறந்த இடமோ ஷட்டர் போட்ட கடையோ வேண்டும் என்றால் பில்லர் அவசியம். கவனித்தீர்களா, புரூக்ஸ் சகோதரர்களைச் சட்டத்துக்குத் தள்ளிய அதே தேவைதான் இது: தரைத்தளத்தில் சுவர் இல்லாத இடம். ஆனால் பில்லர் என்று போட்டால் அது பில்லராக இருக்க வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் மூலைக்கு மூலை 9-க்கு 9 அங்குலத்தில் நாலு கம்பியை நிறுத்தி, பீமோடு ஒழுங்காகச் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். நம் மண்டலத்துக்கான விதி தூணின் சிறிய பக்கமே 300 மில்லிமீட்டர், ஏறக்குறைய 12 அங்குலம், இருக்க வேண்டும் என்கிறது. 9 அங்குலத் தூண் வீட்டுக்காரருக்குத் தைரியம் கொடுக்கும், அதிர்வு வந்தால் வீட்டுக்கு எதுவும் கொடுக்காது. அந்தக் காசில் பாதியைச் சுவருக்குச் செலவழித்திருந்தால் வீடு இன்னும் உறுதியாக இருந்திருக்கும். 'பின்னாடி மாடி ஏத்திக்கலாம்' என்று மொட்டை மாடியில் நீட்டி விடும் கம்பிகளும் அப்படித்தான். மூடாமல் விட்டால் மழையில் துருப்பிடித்து, தேவைப்படும் நேரத்தில் பயனில்லாமல் போகும்.

சுவர் வீடுதான் என்று முடிவு செய்தால் நான் விடாப்பிடியாகக் கேட்பவை இவை. பேஸ்மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் வீட்டைச் சுற்றி, உள்சுவர்களையும் சேர்த்து, அறுபடாமல் ஓடும் கான்கிரீட் பெல்ட் வேண்டும். ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடுவது பெல்ட் ஆகாது. மூலைகளிலும் சுவர்கள் சந்திக்கும் இடங்களிலும் அஸ்திவாரத்திலிருந்து தளம் வரை ஒரு கம்பி நேராக ஏறி, சுற்றிலும் கான்கிரீட் நிரப்பப்பட வேண்டும். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து 2 அடியாவது தள்ளி இருக்கட்டும். சுவருக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விடுங்கள். வெயில் கொளுத்தும் மாதங்களில் இதை விட்டுவிட்டு அப்புறம் சிமென்ட் விகிதத்தைக் கூட்டிப் பயனில்லை.

மண் விஷயத்தில் நாம் சிகாகோக்காரர்களைவிடக் கொடுத்து வைத்தவர்கள். நம் மாவட்டத்தில் பெரும்பாலான இடங்களில் சில அடி செம்மண்ணைத் தாண்டினால் சரளை, அதற்கும் கீழே பாறை. கெட்டியான சரளையில் கருங்கல் கடக்கால் மூன்றடி அகலம் போட்டால் மேலே சொன்ன 7 டன்னை மண் சிரமம் இல்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் கருப்பு மண் உள்ள இடமும் உண்டு, ஏரி ஓரத்தில் மண் கொட்டி நிரவிய புது மனைப்பிரிவுகளும் உண்டு. அங்கே பில்லர் போட்டாலும் சுவர் வைத்தாலும் மண் இறங்கினால் இரண்டும் ஒன்றுதான். உங்கள் மனை எந்த வகை என்று எழுத்தில் படித்து என்னால் சொல்ல முடியாது. மனையின் இரண்டு எதிர் மூலைகளில் ஐந்தாறு அடி குழி தோண்டுங்கள். இரண்டிலும் ஒரே ஆழத்தில் ஒரே மாதிரி சரளை வந்தால் நிம்மதி. ஒன்றில் சரளையும் இன்னொன்றில் கொட்டிய மண்ணும் வந்தால் மேஸ்திரியோடு பேசுவதை நிறுத்திவிட்டு மண் பரிசோதனைக்கு ஆள் கூப்பிடுங்கள்.

அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு விஷயத்தைத் தீர்மானியுங்கள்: கீழ்த்தளத்தை எப்போதாவது கடைக்கு விடுவீர்களா? விடுவதாக இருந்தால் இன்றே சரியான அளவில் பில்லரும் பீமும் போட்டுக் கட்டுங்கள், ஏனென்றால் சுவர் வீட்டில் பத்து வருடம் கழித்து முன்சுவரை இடித்து ஷட்டர் வைக்க முடியாது. குடியிருக்க மட்டும்தான், மாடியும் ஒன்றே ஒன்றுதான் என்றால், கீழ்ச்சுவரும் மேல்சுவரும் ஒரே கோட்டில் வரும்படி வரைபடத்தை மாற்றச் சொல்லி, பில்லர் காசை நல்ல செங்கல்லுக்கும் பெல்ட்டுக்கும் போடுங்கள்.